கிட்னி என்று சொன்னேன்

2023 பிப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு நாற்பது. பனி விலகவில்லை. எதிரே இருக்கும் புளியமரத்தின் அடிமரம் மட்டும் தெரிந்தது, மேலே வெறும் வெள்ளை. காற்று இல்லை. நான் காப்பிக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். என் அக்காள் மகன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். எங்கள் மலையில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. யாராவது செத்துவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. தாயும் தகப்பனும் ஒரே வருடத்தில் போய்விட்டதால் பதினொரு வயதிலிருந்து என் வீட்டில் வளர்ந்தவன். சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி வைத்துக்கொண்டு புளி, பலா, சாமை மூட்டைகளைச் செங்கத்துக்கு ஏற்றிப் போவான். குடிக்க மாட்டான். ஊரில் அவன்மேல் ஒரே குறைதான். மற்ற வண்டிக்காரர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவார்கள். இவன் நிறுத்த மாட்டான். மழையில் நனைந்துகொண்டு கை காட்டினாலும் நிறுத்த மாட்டான். கல்நெஞ்சன் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர்களில் நானும் ஒருவன்.

அன்று அவன் உட்காரவில்லை. "மாமா, இந்தக் கல்யாணம் வேணாம்" என்றான்.

இதை அவன் சொல்வது ஆறாவது முறை. முந்தைய ஐந்து முறையும் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன். தை மாதமே நான் போய் வெற்றிலை மாற்றிவிட்டு வந்திருந்தேன். எங்கள் வழக்கத்தில் அதற்கு மாப்பிள்ளை வர வேண்டியதில்லை, தாய்மாமன் கை போதும். பெண் பக்கத்து ஊர்க்காரி, எனக்குப் பங்காளி முறை வீட்டில் பிறந்தவள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள், ஆறு வயதில் ஒரு மகள். குழந்தையோடு வருகிற பெண்ணைக் கட்டுவது எங்களிடம் குறைவான காரியம் இல்லை. பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை பக்கம் கொடுக்கும் பரியம் முப்பதாயிரம் என்று பேசி, பாதியைக் கொடுத்திருந்தேன்.

"வேணாம்னா ஏன்னு சொல்லு" என்றேன், அடுப்பைப் பார்த்தபடி.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு கொழந்தை இருக்குது மாமா. அதான்."

அடுத்தவன் பிள்ளைக்குச் சோறு போடக் கசக்கிறதா என்று ஆரம்பித்தேன். அவன் என்னை முடிக்க விடவில்லை. அவன் சொன்னதை அவன் வார்த்தையில் எழுத எனக்குக் கை வரவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பதினேழு பதினெட்டு வயதிலிருந்தே தன் மனம் வயது வந்த பெண்கள் பக்கம் போகவில்லை, சிறு குழந்தைகள் பக்கம் போகிறது என்றான். தான் கூப்பிட்டு வந்தது இல்லை என்றான். எந்தக் குழந்தையையும் தொட்டதில்லை, தொடவும் மாட்டேன் என்றான்.

"கிட்டப் போறதில்ல, தனியா இருக்கறதில்ல. எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் அவ்ளோதான். ஒரே வூட்டுல ஒரு கொழந்தையோட இருக்கச் சொன்னா அது போதாது மாமா. என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

தண்ணீர் கொதித்து வழிந்து அடுப்பு அணைந்தது.

என் மகளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவள் குடும்பம் சந்தவாசல் பக்கம் இருக்கிறது, லீவுக்கு லீவு இங்கே வருவார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்: "பாப்பாங்களைப் பத்தி கேப்பீங்கன்னு தெரியும். அதுங்க வர்ற அன்னிக்கே நான் செங்கத்துக்குப் போய்டுவேன் இல்ல?"

உண்மைதான். ஒவ்வொரு பொங்கலுக்கும், ஒவ்வொரு கோடை லீவுக்கும் அவன் இருக்க மாட்டான். ஒன்பது வருடத்தில் பதினேழு முறை குழந்தைகள் வந்திருக்கிறார்கள். பதினேழு முறையும் அவன் சந்தை கொட்டகையில் வண்டிக்குள் படுத்திருந்தான். வீட்டு மனுஷர்களைப் பிடிக்காத பயல் என்று அதையும் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

அவன் போன பிறகு நான் செய்த முதல் காரியம் அவன் காப்பி குடிக்கும் டம்ளரைக் கழுவியது. அன்று அதில் காப்பியே ஊற்றவில்லை. இரண்டு முறை சாம்பல் போட்டுத் தேய்த்தேன். பிறகு அதைக் கொல்லைப் பக்கம் எறிந்தேன்.

மறுநாள் கேட்டேன், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை, எனக்குத் தெரியாமலே ஒரு டாக்டரைப் பார்த்திருக்கக் கூடாதா என்று. பார்த்தானாம். இரண்டு வருடம் முன்பு கீழே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றிருக்கிறான். சீட்டு எழுதும் அம்மாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "இன்னா பண்ணுது?" என்று கேட்டிருக்கிறார். பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றிருக்கிறாள். தலைவலி என்று சொல்லிவிட்டான். பத்து மாத்திரை கொடுத்தார்கள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லலாம்னுதான் கார்த்திகைல வந்தேன். அன்னிக்கு நீங்க குரூப்ல எழுதியிருந்தீங்க."

எங்கள் ஊருக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. கீழ்நாட்டில் எங்கோ ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையைப் பற்றிச் செய்தி வந்த நாளில் எல்லாரும் கொதித்து எழுதினார்கள். நான் படித்தவன், வனப்பொருள் வாங்கும் சங்கத்தில் முப்பத்து நான்கு வருடம் எடை எழுத்தராக இருந்தவன், சும்மா இருக்க முடியுமா? கேஸ் எதற்கு, கோர்ட் எதற்கு, இந்தப் புத்தி உள்ள நாய்களைச் செய்வதற்கு முன்பே கண்டுபிடித்து வெட்டிப் போட வேண்டும் என்று எழுதினேன். நாற்பத்தொரு பேர் கைதட்டும் படம் போட்டார்கள். ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்தேன், நன்றாக நினைவிருக்கிறது.

செய்வதற்கு முன்பே கண்டுபிடிப்பது எப்படி என்று அன்று நான் யோசிக்கவில்லை. கண்டுபிடிக்க ஒரு வழிதான் உண்டு, அவனே வந்து சொல்ல வேண்டும். அந்த வழியில்தான் நான் முள்ளை வெட்டிப் போட்டிருந்தேன்.

தெரிந்த பிறகாவது மறுநாளே வேலூருக்குக் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. புளி உலுக்கும் பருவம், புளி முடியட்டும் என்றேன். அது சாக்கு. மனநோய் டாக்டர் என்று போர்டு போட்ட கட்டடத்துக்குள் நாங்கள் இருவரும் நுழைவதை நம் பக்கத்து ஆள் எவனாவது பார்த்தால் என்ன சொல்வது என்பதுதான் என் கவலை. பேருந்தில் யார் யார் வருவார்கள் என்று மனத்துக்குள் ஒரு பட்டியலே போட்டேன். அந்தக் குழந்தையைப் பற்றிய கவலை அதற்குப் பிறகுதான் வந்தது. எழுதும்போதே கூசுகிறது, ஆனால் வரிசை அப்படித்தான் இருந்தது.

கல்யாணத்தை நிறுத்தினால் போதும், மற்றது மெல்லப் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் வெற்றிலை மாற்றிய கைதான் ஊர் முன்னால் வந்து அதை முறிக்க வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். அது எங்கள் வழக்கம். பத்தாம் நாள் நாட்டாண்மைக்காரர் வீட்டு வாசலில் இரண்டு ஊரும் கூடியது. பெண்ணின் தகப்பனார் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். என்னைவிட நான்கு வயது சிறியவர், அண்ணே என்று கூப்பிடுகிறவர்.

காரணம் கேட்டார்கள். பெண்ணின்மேல் குற்றம் சொல்ல ஒரு நிமிடம் எண்ணம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு கீழே போகவில்லை. அதற்கு ஒரு படி மேலே நின்றுகொண்டு சொன்னேன்: "பையனுக்கு கிட்னி கெட்டுப் போச்சு."

முறித்துவிடுவார்கள், கொடுத்த பரியத்தோடு விஷயம் முடியும் என்று காத்திருந்தேன். பெண்ணின் தகப்பனார் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நோய்னு சொன்னா வுட்டுட்டுப் போய்டுவமா அண்ணே? இதைச் சொல்லவா இத்தினி நாளு முழிச்சிட்டிருந்தீங்க?"

நோய் வந்தவனைக் கைவிடுவது மலை வழக்கம் இல்லை என்று நாட்டாண்மைக்காரர் தீர்த்துவிட்டார். கல்யாணம் முறியவில்லை. அவன் தேறும்வரை தள்ளிப் போடப்பட்டது, அவ்வளவுதான். அதோடு, வீட்டுக்கு ஒரு படி சாமையும் முடிந்த காசும் என்று அங்கேயே முடிவாயிற்று. எங்கள் ஊர் நாற்பத்தாறு வீடு. ஒரு வீடு விடாமல் வந்தார்கள். இருபத்து மூவாயிரத்து நூற்று நாற்பது ரூபாய் சேர்ந்தது. பலபேர் நெருஞ்சில் கொண்டுவந்தார்கள், கிட்னிக்கு அதுதான் மருந்து என்று. எதிர்வீட்டு அம்மாள் கஷாயம் காய்ச்சிக்கொண்டு வந்து அவன் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

அவள் போனதும் அவன் சிரித்தான். பத்து நாளில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன், அது நல்ல சிரிப்பு இல்லை.

"கிட்னிக்கு வூட்டுக்கு வூடு படி அளக்கறாங்க மாமா. நெசத்தைச் சொல்லியிருந்தா கல்லுதான் அளந்திருப்பாங்க." சொம்பைக் கீழே வைத்தான். "எப்ப டாக்டர்கிட்ட போறோம்?"

புளி முடியட்டும் என்றேன்.

மார்ச் பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, அந்தப் பெண் ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினாள். கூடவே அவள் மகள். வெற்றிலை மாற்றிய பிறகு பெண் இந்த வீட்டில் வந்து புளி தட்டலாம், தங்கலாம், யாரும் தப்பாகப் பார்க்க மாட்டார்கள். அவள் தகப்பனார் கொண்டுவந்து விட்டுவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "எம்பொண்ணு ஒரு கிட்னி குடுக்கறேங்குது அண்ணே. எனக்கு ரெண்டு இருக்குதில்ல, ஒண்ணு போதும்பான்னு சொல்லுது. வேலூர்ல பொருந்துதான்னு பாக்கச் சொல்லுங்க. அது ஆஸ்பத்திரில இருக்கற நாளுக்கு கொழந்தை இந்த வூட்லயே இருக்கட்டும். பழகிக்கணும் இல்ல?"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் அக்காள் மகன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். குழந்தை ஓடிப்போய் முன் சக்கரத்தருகே நின்று அண்ணாந்து பார்த்தது. அவன் இறங்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, வண்டியைப் பின்னுக்கு எடுத்து, வந்த வழியே போய்விட்டான். போகும் வழியிலிருந்து போன் செய்தான். அந்தக் குழந்தை நம் வீட்டில் இருக்கிறவரை வர மாட்டேன் என்றான். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

நான்கு நாள் வரவில்லை. செங்கம் சந்தையில் வண்டியிலேயே கிடந்தான். காவலூரில் பேருந்து மாறி ஒருநாள் போய்ப் பார்த்தேன். முகம் சவரம் செய்யாமல் ஆளே வற்றிப் போயிருந்தான். வா என்று கூப்பிட்டேன். "நீங்க சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன். மூட்டையை முதுகுக்குக் கொடுத்து மறுபக்கம் திரும்பிக்கொண்டான். திரும்பி வரும் வழியில் எனக்கு ஒரு பயம் பிடித்தது. அவனுக்கு இனி ஒளிய இடமில்லை. ஒன்று இந்த மலையை விட்டு ஓடிப்போவான், இல்லாவிட்டால் உயிரையே விடுவான். நான் எழுதியதைத்தான் அவன் செய்து முடிக்கப்போகிறான் என்று தோன்றியது.

மார்ச் பதினான்காம் தேதி காலை, புளியமரத்தடியில் அவள் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். மகள் சற்றுத் தள்ளிப் புளி ஓடுகளைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தது. நான் எதிரே போய் உட்கார்ந்தேன். பெரியப்பா என்று கூப்பிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். கிட்னியில் ஒன்றும் இல்லை என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்காமல் புளியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

கொட்டை தட்டிய கல் நின்றுவிட்டது. அவள் மகளைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். குழந்தை இறங்கப் பார்த்தது, விடவில்லை.

"எம்பொண்ணை இன்னா பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணலம்மா. கிட்டயே வரல. வரக் கூடாதுன்னுதான் வண்டில போய்ப் படுத்திருக்கான்."

"அவரே சொன்னாரா இதை?"

"அவனேதான்."

"எப்ப?"

என்னைப் போய் நாள் கேட்டாள். எனக்குத் தெரியாமல் இருக்குமா? இருபத்து மூன்று நாள் என்றேன்.

அவள் குழந்தையின் தலையில் ஒட்டியிருந்த புளித் தூசியைத் தட்டிவிட்டாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அவரை நெனச்சா எனக்கு ஒடம்பு கூசுது பெரியப்பா. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவரு கொழந்தை இருக்குதுன்னு மொத நாளே சொல்லிட்டாரு. தெரிஞ்சும் நீங்கதான் எங்களை இங்க வந்து தங்க வுட்டீங்க. கீரை ஆஞ்சிக் குடுத்தேன், சிரிச்சிட்டு சாப்ட்டீங்க."

நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"நாளைக்கே அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. போனேன்னு எனக்குத் தெரியணும். இல்லன்னா நாட்டாண்மை வூட்டு முன்னாடி நின்னு நானே சொல்லிடுவேன்."

பையை எடுத்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டாள், ஆறு வயதுப் பிள்ளையை. மூன்று கிலோமீட்டர் அப்படியே நடந்துதான் போனாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் வேலூர் போனோம். சீட்டு எழுதும் இடத்தில் என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். "டாக்டர்கிட்டதான்மா சொல்லணும்" என்றேன். அந்தப் பெண் தலையைக்கூடத் தூக்காமல் எழுதி நீட்டினாள். இவ்வளவுதான் வேலை. இதற்கு ஒரு ஆள் கூடப் போயிருந்தால் அவன் இரண்டு வருடம் முன்பு தலைவலி மாத்திரை வாங்காமல் இருந்திருப்பான்.

டாக்டர் என் மகளைவிடச் சின்னவர். அவனோடு ஒரு மணி நேரம் தனியாகப் பேசிவிட்டு, அவன் சம்மதத்தோடு என்னையும் கூப்பிட்டார். இவனை எங்காவது அடைத்து வைக்க வேண்டாமா என்று கேட்டேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டேன்.

"ஒரு கொழந்தைக்குத் தீங்கு நடந்திருந்தா நான் போலீசுக்குச் சொல்லியே ஆகணுங்க, அதுல பேச்சே இல்ல. இவரு நடக்கறதுக்கு முன்னாடி வந்திருக்காரு. இவரைத் துரத்திட்டா எந்தக் கொழந்தைக்குங்க நல்லது?"

மனம் இப்படி இருப்பது அவன் தேர்ந்தெடுத்தது இல்லை, நடந்துகொள்வது அவன் பொறுப்பு என்றார். அடியோடு மாறிவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், கட்டுக்குள் வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ முடியும், அதற்குப் பேச்சு வைத்தியம் உண்டு, தூக்கமின்மைக்கும் சோர்வுக்கும் மாத்திரை உண்டு என்றார். குழந்தைகளோடு தனியாக இருப்பதில்லை என்ற அவன் வழக்கத்தை விட வேண்டாம் என்றார். எல்லாவற்றுக்கும் கடைசியில், இதற்கு முன்பே ஏன் வரவில்லை என்று கேட்டார். அவன் என் பக்கம் திரும்பினான். என் சட்டைப் பையைப் பார்த்தான். அதில் போன் இருந்தது.

ஊரில் திரும்பக் கூட்டம் கூட்டச் சொன்னேன். கிட்னி பொய், கல்யாணத்தை முறிக்கிறேன், காரணத்தைச் சொல்ல மாட்டேன், பெண்ணின் பக்கம் ஒரு குற்றமும் இல்லை, என்ன தண்டம் வேண்டுமானாலும் போடுங்கள் என்றேன். வசூலான காசை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தேன். எதிர்வீட்டு அம்மாள் வாங்கிக்கொண்டு, கஷாயத்துக்குப் போட்ட விறகுக்கு யார் கொடுப்பது என்று கேட்டாள். பையன் ஆண்பிள்ளை இல்லை என்று சிலர் பேசினார்கள். பாக்கிப் பரியத்தை மிச்சம் பிடிக்கக் கிழவன் போட்ட திட்டம் என்று பலர் பேசினார்கள். இரண்டாவதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது. அந்தப் பெண் இன்றுவரை வாய் திறக்கவில்லை. வழியில் பார்த்தால் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பார்க்காமல் போகிறாள்.

அவன் இப்போது செங்கத்தில் ஒரு தானியக் கிடங்கில் வேலை செய்கிறான், தனி அறை. மாதம் ஒருமுறை வேலூர். நான் கூடப் போகிறேன். முதல் இரண்டு முறை துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், பிறகு விட்டுவிட்டேன். தூங்குகிறான், சாப்பிடுகிறான். அவன் அறைக்குப் போனால் என் டம்ளரைக் கழுவி எனக்குக் காப்பி ஊற்றுகிறான். அந்த அறைக்கு எதிரே எத்தனை வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று நான் இன்னும் எண்ணாமல் திரும்புவதில்லை. அவனுக்கும் அது தெரியும். தானே சொல்லிவிடுகிறான், "ரெண்டு மாமா, கடைசி வூட்டுல", என்று.

போன வருடம் குரூப்பில் மறுபடி ஒரு செய்தி வந்தது. மறுபடி எல்லாரும் கொதித்தார்கள். குழந்தைக்குத் தீங்கு செய்தவனுக்குத் தண்டனை வேண்டும், அதில் எனக்கு இன்றும் இரண்டு நினைப்பு இல்லை. ஆனால் செய்யாமல் இருக்கத் தவிக்கிறவன் நம் நாற்பத்தாறு வீட்டிலேயே ஒருவன் இருக்கலாம், அவன் இதைப் படிக்கிறான், அவனுக்கு டாக்டர் உண்டு என்று ஒரு வரி எழுத உட்கார்ந்தேன். ஏன் கிழவனுக்கு இதில் இவ்வளவு அக்கறை என்று கேட்பார்களே என்று நினைத்து அழித்துவிட்டேன். பழைய வரி மட்டும் அங்கேயே இருக்கிறது. இங்கே பெயர் போடாமல் எழுதுகிறேன், இதுதான் என் தைரியத்தின் அளவு.

வேலூர்ச் செலவை அவன் தன் சம்பளத்தில் பார்த்துக்கொள்கிறான். பஸ் சார்ஜ், மாத்திரை எல்லாம் சேர்ந்து இதுவரை எட்டாயிரத்தைத் தொடவில்லை. எனக்கு ஆன மற்றச் செலவையும் கொடுக்க வந்தான், வாங்கவில்லை. அது அவன் நோய்க்கு ஆன செலவு இல்லை. போன பரியம் பதினைந்தாயிரம், முறித்ததற்கு அதே அளவு இன்னொரு பதினைந்தாயிரம், ஊர் முன்னால் பொய் சொன்னதற்குத் தண்டம் ஐயாயிரத்து ஒன்று, இரண்டு ஊருக்கும் சோறு போட ஆடு பதினெட்டாயிரத்து நானூறு, அரிசியும் மற்றதும் ஆறாயிரத்து இருநூற்று ஐம்பது. ஆக, கிட்னி என்று சொன்னதற்கு என் கையிலிருந்து போனது ஐம்பத்தொன்பதாயிரத்து அறுநூற்று ஐம்பத்தொரு ரூபாய்.